எலுமிச்சைச் சோறும் வெள்ளிப் பதக்கமும்

சேசு மரி சூசை துணை

கோவில்பத்து, காரைக்கால்
12-6-1981

அன்புள்ள அக்காள் மகள் சலோமிக்கு மாமா பிலோமின்ராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அத்தை சகாயம்மாளும் மற்றவர்களும் சுகமாக இருக்கிறோம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொல்லித்தான் இந்த ஊரில் பத்து பேர் கம்பை வீசிவிட்டு நடக்கிறார்கள்.

புதுச்சேரியில் நீ நடத்திய பயிற்சி முகாமை முடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன் பார், நாலு பேர் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் குடை பிடித்தார். வெயில்கூட இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. "அது என்னங்க பயிற்சி?" என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: "வயசுப் பிள்ளைங்க நாலு காரியம் செய்யணும். ஒரு சேவை, ஒரு கைத்திறன், ஒரு விளையாட்டு, ஒரு பயணம். செஞ்சா வெண்கலப் பதக்கம், அதுக்கு மேல வெள்ளி, அதுக்கும் மேல தங்கம். டெல்லி முத்திரை குத்தி வரும். ஆனா பிள்ளை செஞ்சது நெசம்தான்னு கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆளைத்தான் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்து, வழிநடத்துநர்னு பேர் வைக்கிறாங்க." கேட்டவர்கள் எழுந்து நின்றுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் காரைக்காலிலிருந்து வந்தது நானும், காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கூறுகிற சிங்காரவேலுவும். அவருக்குச் சான்றிதழ் தபாலில் வந்துவிட்டதாம். கண்ணாடி போட்டு ஏலக் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். எனக்கு இன்னும் வரவில்லை. பெரியது என்பதால் தபால்காரர் தூக்க முடியாமல் வைத்திருக்கிறாரோ என்று பார்க்கிறேன்.

அந்தத் தேங்காய்ப் பரீட்சையை நினைத்துக்கொண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒருவர் தேங்காய் உரிக்க, மற்றவர்கள் பார்த்ததை எழுத வேண்டும் என்றாய். நான் மூன்று பக்கம் எழுதினேன், சிங்கம் மானைப் பிளப்பது போல உரித்தார் என்று. சிங்காரவேலு என்ன எழுதினார்? "தேங்காய் உரித்தார். கட்டைவிரலில் ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மிச்சத்தையும் உரித்தார்." இவ்வளவுதான். அதற்கு நீ தலையை ஆட்டினாய். நான் பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் கொடியை இறக்கிக்கொண்டு போகாமல் இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் செர்த்திபிக்கா என்கிற சான்றிதழ்ப் பரீட்சையில் முதலாக வந்திருப்பேன். மூன்று வரி எழுதுகிறவருக்குக் கண்ணாடிச் சட்டமாம்.

சான்றிதழை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பவும். அக்காவுக்கு என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
மாமா பிலோமின்ராஜ்


புதுச்சேரி
25-6-1981

அன்புள்ள மாமாவுக்கு சலோமியின் வணக்கம். இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மா நொச்சி இலை வைத்துக் கட்டினார்கள். இலை வாசனை நன்றாக இருக்கிறது என்கிறார்கள், வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சான்றிதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "துணை வழிநடத்துநர்" என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். ஒரு வருடம் நீங்கள் பிள்ளைகளோடு வேலை செய்யலாம். நீங்கள் எழுதும் குறிப்புகளில் சிங்காரவேலு அண்ணன் மேலொப்பம் போட வேண்டும். முடிவு செய்தது நான் மட்டும் அல்ல. ஆனால் நானும் அதில் கைதூக்கினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

காரணம் அந்தத் தேங்காய்தான். நீங்கள் எழுதிய மூன்று பக்கத்திலும் அந்த ரத்தம் இல்லை. பதக்கம் கேட்கிற பிள்ளை என்ன செய்தது, எங்கே தடுக்கியது, எப்படித் திரும்ப எழுந்தது என்று நாம் எழுதுவதை வைத்துத்தான் பார்க்காத ஒருவர் முடிவு செய்கிறார். பிள்ளை செய்வதை நாம் செய்துவிடக் கூடாது. செய்யாததை எழுதிவிடவும் கூடாது. இந்த இரண்டுதான் பயிற்சி முழுக்க.

அமலு எப்படி இருக்கிறாள்? பதினேழு முடிந்துவிட்டதே. பெற்ற மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அத்தைக்கு என் அன்பு.

சலோமி


சேசு மரி சூசை துணை

கோவில்பத்து
10-7-1981

அன்புள்ள சலோமிக்கு மாமாவின் ஆசீர். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை அறிய ஆவல். எனக்குக் கடவாய்ப் பல்லில் மட்டும் கொஞ்சம் குடைச்சல்.

சான்றிதழ் கிடைத்தது. நீ வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய், நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. துணைக் கலெக்டர் என்றால் சும்மாவா? கலெக்டருக்குத் துணை வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம். அரிசி ஆலையில் நான் எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார்.

மேலொப்பம் விஷயமாகச் சிங்காரவேலுவைப் பார்க்க மேட்டுக்குப் போனேன். படகு வந்த நேரம். மணலில் மீனைக் கொட்டிவைத்து ஏலம் கூறிக்கொண்டிருந்தார். மீசை இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி நிற்கிறது. என்னைப் பார்த்ததும் ஏலத்தை நிறுத்தி, சுற்றி நின்ற பெண்களிடம், "தள்ளிக்குங்க, நம்ம தொணை வந்திருக்காரு" என்றார். கூடைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியமனிதன் என்றால் சிரிக்க வேண்டும்.

"தொரை, உங்க குறிப்பைக் கொண்டாங்க, படிச்சிட்டுப் போடுறேன். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல" என்றார். அவர் படித்தது ஐந்தாவது. நான் ஏழு.

இருக்கட்டும். நான் ஒரு பெரிய யோசனை வைத்திருக்கிறேன். செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா. நம் கோவில்பத்துப் பிள்ளைகளைக் காவி கட்டி நடத்திக் கூட்டிப்போகப் போகிறேன். புண்ணியத்துக்குப் புண்ணியம், பதக்கத்துக்குப் பயணம். மீசைக்காரருக்கு இந்த யோசனை நூறு வருடமானாலும் வராது.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

மாமா


சேசு மரி சூசை துணை

கோவில்பத்து
20-9-1981

அன்புள்ள சலோமிக்கு. உன் பதில் வரவில்லை, வேலை அதிகம் போலும். நாங்கள் எல்லோரும் மாதா கிருபையில் சுகம். என் காலில் இரண்டு கொப்புளம், அதுவும் வெற்றிக் கொப்புளம்.

நடைப்பயணம் முடிந்தது. இதற்கு முன் இப்படி ஒரு கூட்டம் காரைக்காலிலிருந்து போனதில்லை என்று நாகப்பட்டினத்தில் பேச்சு. முன்னால் நான் கொடி பிடித்து நடந்தேன். பின்னால் பிள்ளைகள் ஆறு போல வந்தார்கள். வழியில் பாம்பு ஒன்று குறுக்கிட்டது. நான் கொடிக்கம்பைத் தரையில் ஊன்றினேன், அது வணங்கிவிட்டுப் போய்விட்டது. வழி நெடுக ஜனங்கள் எங்களை விடவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் நீர்மோர், நாகூரில் சர்பத், நாகப்பட்டினத்தில் பந்தி போட்டுச் சாம்பார் சோறு, பரவையில் பொங்கல். பிள்ளைகள் ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பினார்கள்.

பன்னிரண்டு பேருக்கு வெண்கலம் கேட்டு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். சிங்காரவேலு மேலொப்பம் போடாமல் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். பொறாமை. வேறென்ன.

உன் மாமா


புதுச்சேரி
8-10-1981

அன்புள்ள மாமாவுக்கு. அம்மாவும் நானும் நலம். கொப்புளம் ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுங்கள்.

குறிப்புகளைத் திருப்பி அனுப்புகிறேன். சங்கடமாகத்தான் இருக்கிறது. பாம்பை விட்டுவிடுவோம். பயணம் என்றால் பிள்ளைகளே வழியைத் திட்டமிட்டு, சுமையைத் தாங்களே தூக்கி, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட வேண்டும். பெரியவர்கள் கூடவே போகக் கூடாது, தொலைவில் காத்திருக்க வேண்டும். முகாமில் இரண்டு நாள் இதைத்தானே பேசினோம். நீங்கள் கொடி பிடித்து முன்னால் நடந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் ஒரு வேளைகூடச் சமைக்கவில்லை. யாத்திரைக்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை, அது எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த நாட்களில் அந்த வழி இதற்கு ஒத்துவராது. இனாமாக வந்த சோற்றைச் சாப்பிட்டால் அது யாத்திரை. பதக்கத்துக்கான பயணம் ஆகாது.

இன்னொன்று. சிங்காரவேலு அண்ணன் அனுப்பிய காகிதங்களில் வெள்ளிப் பதக்கத்துக்குப் பதிவு செய்தவர்களைப் பார்த்தேன். மேட்டுப் பெண்கள் ஐந்து பேர். ஆறாவது பெயர், பி. அமலராணி, கோவில்பத்து. நம் அமலுதான். நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே மாமா.

சலோமி


சேசு மரி சூசை துணை

கோவில்பத்து
2-12-1981

அன்புள்ள சலோமிக்கு. இங்கே மழை விட்டபாடில்லை. ஆலையில் நெல் ஈரம். கடவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். டாக்டர் நாற்காலியில் கால் வைத்து இழுத்தும் வரவில்லை, கடைசியில் நானே ஒரு மூச்சை இழுத்து விட்டேன், வந்துவிட்டது.

நீ திருப்பி அனுப்பிய குறிப்புகள் கிடைத்தன. பிள்ளைகளிடம் டெல்லியில் மழை, முத்திரை நனைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

சிங்காரவேலு இப்போது சைக்கிள் வாங்கியிருக்கிறார். பச்சைக் கலர். மணி அடித்தால் சத்தம் காரைக்கால் முழுக்கக் கேட்கிறது. மீசையை இன்னும் நீட்டிவிட்டிருக்கிறார். சாயங்காலம் மணலில் பெண் பிள்ளைகளை உட்கார வைத்து வரைபடம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார். சொல்லிக்கொடுக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, "நீங்களே பாருங்க, எந்தப் பக்கம் வடக்கு?" என்று கேட்டுவிட்டுப் பீடி பற்ற வைக்கிறார். இதற்குப் பெயர் வழிநடத்துவதா? நான் என்றால் வடக்கைக் கையில் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லோரும் சுகம்.

மாமா


கோவில்பத்து
28-12-1981

அன்புள்ள சலோமி அத்தாச்சிக்கு மாமன் மகள் அமலராணியின் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் அனுப்பிய கேக் நொறுங்காமல் வந்தது. அப்பா தெருவுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, பாரீசிலிருந்து வந்தது என்றார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அப்பாவிடம் பதிவு செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் பெற்றவர் தன் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்று விதி இருக்கிறதே. வரும் ஜூனில் உங்கள் பயிற்சியில் சேர்கிறவர்களில் ஒருத்தரைக் காரைக்காலுக்குச் சம்பளத்துக்கு எடுப்பார்கள் என்றும், வெள்ளிப் பதக்கம் இருந்தால்தான் பயிற்சியில் இடம் என்றும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் அத்தாச்சி. அதனால்தான் மேட்டுக்குப் போனேன். இதைச் சொன்ன அன்று அப்பா, "போ, அங்க மீசை முளைக்கவும் சொல்லிக்குடுப்பாரு" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் சமைத்த நாளில் மட்டும் வயிறு சரியில்லை என்று மோர் குடித்துவிட்டுப் படுக்கிறார்.

ஆனால் தினமும் ஆலை விட்டதும் சைக்கிளில் மேட்டுக்கு வந்துவிடுகிறார். கேட்டால் மீன் வாங்க வந்தேன் என்பார். நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேராகப் படகு மறைவில் நிற்பார். சிங்காரவேலு மாமா பார்த்துவிட்டு, "தொரை வீட்ல பூனை எத்தனைங்க?" என்று கத்துவார். வீட்டில் தினமும் மீன். அம்மா போன வாரம், "இனிமே மீனோட வந்தா நீங்களே ஆஞ்சு நீங்களே கொழம்பு வைங்க. பொண்ணைப் பாக்கணும்னா வீட்லயே பாக்கலாம், செதில் இல்லாம" என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பயணம் தவக்காலத்தில். திருவிழாக் கூட்டம் இருக்காது, பந்தலும் இருக்காது. வேளாங்கண்ணிதான். மேட்டுப் பெண்கள்தான் மாதாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

அமலு


சேசு மரி சூசை துணை

கோவில்பத்து
16-3-1982

அன்புள்ள சலோமிக்கு. தவக்காலம் நடக்கிறது. நான் மாமிசம் தொடுவதில்லை, பீடியைக்கூடப் பாதியில் அணைத்துவிடுகிறேன். எல்லோரும் சுகம். அக்காவுக்காகச் சிலுவைப்பாதையில் ஜெபித்தேன்.

சனிக்கிழமை எனக்கு நாகூரில் ஒரு வேலை இருந்தது. ஆலை விஷயம், பெரிய விஷயம், எழுத்தில் சொல்ல முடியாது. அங்கே நமக்குத் தெரிந்த மெஹர் பானு அம்மா வீட்டில் எலுமிச்சைச் சோறு கிளறி, பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன். அந்த அம்மா கை சும்மா இல்லை, வாசனைக்கு ரயில் நிற்கும். எதற்கு என்று கேட்காதே. வழியில் யாராவது பசியோடு வருவார்கள் என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம்.

நாகூர் தாண்டிச் சவுக்குத் தோப்பில் பார்த்தால், நம் மேட்டுப் பெண்கள். என்ன பொருத்தம் பார். பிள்ளைகள் வெயிலில் கறுத்துக் கிடந்தார்கள். சிங்காரவேலு அங்கே இல்லை, எங்கோ நாகப்பட்டினத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். இதுவா பொறுப்பு? நான் பொட்டலங்களைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். "வாங்க, உக்காருங்க" என்று சொன்னார்கள். சொன்னது நம் வீட்டுப் பிள்ளைதான். அப்பா என்று சேர்த்துச் சொல்லவில்லை, விருந்தாளியைச் சொல்வது போலச் சொன்னாள். கூட இருந்தவர்கள் முன்னால் அப்படித்தான் போலும்.

நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

மாமா


புதுச்சேரி
30-3-1982

அன்புள்ள மாமாவுக்கு. இங்கே நலம். அங்கே நலமாக இருக்க வேண்டும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிப் பதக்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் சொல்லாமல் வந்து பார்ப்பார். அவர் சனிக்கிழமை அந்தத் தோப்பு வழியாக ஜீப்பில் போயிருக்கிறார். பாயில் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, "இனாம் உணவு பெற்றனர்" என்று எழுதிவிட்டார். ஆறு பெண்களுக்கும் பயணம் செல்லாது என்று ஆகப்போகிறது. அமலுவுக்கு ஜூன் பயிற்சி கிடையாது. அந்த வேலையும் கிடையாது.

நாங்கள் பிரிக்கவே இல்லை, எங்கள் கஞ்சியைத்தான் குடித்தோம் என்று பெண்கள் சொல்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் சொல்வது மட்டும் போதாது. சிங்காரவேலு அண்ணன் விதிப்படி தள்ளி இருந்தார். அவர் எனக்குப் போட்ட கார்டில் இருப்பது இவ்வளவுதான்: "நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். பார்த்த ஆள் ஒருத்தர் உண்டு. அவரே சொல்லட்டும்." பொட்டலம் கொண்டுவந்தது யார் என்று அமலுவைக் கேட்டேன். "வழியில வந்த ஒருத்தர்" என்றாள்.

இனாம் சோறு பயணத்தைக் கெடுக்கும் என்பது காரைக்காலில் வேறு யாரையும் விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏன் கொண்டுபோனீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

தகப்பன் பிள்ளைக்குப் பதக்கக் கையெழுத்துத்தான் போடக் கூடாது. சாட்சி யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கண்ணால் பார்த்திருந்தால் போதும். ஆனால் உங்கள் பழைய குறிப்புகளைக் குழுவில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். பாம்பு வணங்கியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த முறை ஒரு வரி மிகையாகத் தெரிந்தாலும் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஆலையில் மூட்டையை எடை போடும்போது நீங்கள் ஒரு கிலோகூடக் கூட்டிச் சொன்னதில்லை என்று அம்மா சொல்வார்கள். அந்தக் கையால் எழுதுங்கள் மாமா.

சலோமி


கோவில்பத்து
12-4-1982

சலோமிக்கு. பாஸ்காத் திருநாள் நல்லபடி முடிந்தது. கேட்டபடி எழுதியிருக்கிறேன். உன் அத்தை படித்துவிட்டு, "இது நீங்க எழுதினதா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

சாட்சியம்

13-3-82, சனிக்கிழமை, பகல். நாகூர் தாண்டிய சவுக்குத் தோப்பு. ஆறு பெண்கள் இருந்தார்கள். பெரியவர் யாரும் உடன் இல்லை.

எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுபோனவன் நான். யாரும் கேட்கவில்லை. பெண்கள் வாங்கிப் பாயில் வைத்தார்கள். பிரிக்கவில்லை.

மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். விறகு ஈரம். புகை அதிகம். கிளறுகிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது கஞ்சி அடிப்பிடித்தது. தண்ணீர் ஊற்றினார்கள். உப்பு இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். நெத்திலிக் கருவாடு சுட்டார்கள். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை.

ஜீப் வந்து நின்றது. வந்தவர் இறங்கவில்லை. பாயைப் பார்த்தார். சட்டியைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

பெண்கள் அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். குடித்தேன். நன்றாக இல்லை.

பிறகு வேளாங்கண்ணிக்கு நடந்து போன ஒரு குடும்பம் வந்தது. பொட்டலங்கள் எல்லாவற்றையும் அமலராணி அவர்களுக்குக் கொடுத்தாள். சட்டியைக் கழுவி, நெருப்பில் மண் போட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அமலராணி நொண்டினாள். மூட்டையை யாரிடமும் கொடுக்கவில்லை.

அ. பிலோமின்ராஜ், துணை வழிநடத்துநர்


புதுச்சேரி
6-5-1982

அன்புள்ள மாமாவுக்கு. அம்மாவும் நானும் நலம். அம்மா இந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆறு பெண்களுக்கும் பயணம் செல்லும் என்று குழு முடிவு செய்துவிட்டது. வெள்ளிப் பதக்கம் வருகிறது. ஜூன் பயிற்சியில் அமலுவுக்கு இடம் உண்டு.

குழுவில் மூத்த ஒருவர் உங்கள் சாட்சியத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "வழிப்போக்கருக்குச் சோறு போடுறவன் அடிப்பிடிச்ச கஞ்சியப் போட மாட்டான். இது அந்தப் பிள்ளைங்க காய்ச்சினதுதான்." குழுவில் எல்லோரும் கைதூக்கிவிட்டார்கள். தேர்வாளரும் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டார்.

அடுத்த முகாமில் உங்கள் சாட்சியத்தைத்தான் நான் பாடமாக வாசிக்கப்போகிறேன். தேங்காய்க்குப் பதிலாக.

அத்தைக்கு என் அன்பு.

சலோமி


சேசு மரி சூசை துணை

கோவில்பத்து
20-5-1982

அன்புள்ள அக்காள் மகள் சலோமிக்கு மாமா பிலோமின்ராஜின் ஆசீர். இங்கே வெயில் மண்டையைப் பிளந்தாலும் நாங்கள் எல்லோரும் சுகமோ சுகம். அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நொச்சி இலை.

உன் கடிதத்தை ஆலையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். டெல்லியில் என் சாட்சியத்தைப் படித்துக் கண்ணீர் விட்டார்கள் என்று சொன்னேன். நீ அப்படி எழுதவில்லை என்றாலும் நடந்திருக்கும்.

வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. அமலராணி என் சாட்சியத்தின் நகலைப் படித்துவிட்டு, "கேக்கு பாரீசுலேர்ந்து வந்திச்சாம், பாம்பு கும்புட்டிச்சாம், பல்லு தானா வந்திச்சாம். என் கஞ்சி மட்டும் நல்லா இல்லையா?" என்று சட்டுவத்தோடு வந்து நின்றாள். கிளறினவள் அவள்தான் என்பதை நான் எழுதவில்லை, கவனித்தாயா? உன் அத்தை அடுப்படியிலிருந்து, "நெசம் சொன்னா இந்த வீட்ல அடி விழும்னு இத்தனை வருஷமா அவருக்குத் தெரிஞ்சிருக்குடி" என்றாள். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சுறாப்புட்டு. அமலுதான் செய்தாள். உப்பு சரியாக இருந்தது.

ஏலக் கொட்டகைக்குப் போனேன். மீன் வாங்கத்தான். சிங்காரவேலு ஆறு பெண்களின் பெயரையும் சட்டம் போட்டுத் தன் சான்றிதழுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். வழிநடத்துநர் சிங்காரவேலு என்று கொட்டை எழுத்து. அமலராணி பெயருக்கு மேலே அவர் பெயர். என் வயிறு எரிந்தது என்று எழுத மாட்டேன். பகலில் ஊறுகாய் அதிகம். அவர் என்னைப் பார்த்து ஏலத்தை நிறுத்தினார். துணை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "பிலோமின்ராஜு, இன்னைக்கு சங்கரா நல்லாருக்கு, எடுத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். அதற்காக மீசை அழகாகிவிடாது.

ஜூன் முதல் தேதி அமலுவைப் பஸ் ஏற்றிவிடுகிறேன். ஒரு சந்தேகம், விசாரித்துச் சொல். பயிற்சி முடிந்து அவள் இந்த ஊருக்கு வேலைக்கு வந்துவிட்டால் என் குறிப்புகளில் மேலொப்பம் அவளே போடலாமா? தகப்பன் பிள்ளைக்குப் போடக் கூடாது, சரி. பிள்ளை தகப்பனுக்குப் போடக் கூடாது என்று எங்கும் இல்லையே. போடலாம் என்றால் நான் இன்னொரு வருடம் துணையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். மீசைக்காரரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

இன்னொன்று. சாட்சியத்தில் ஒரு தட்டு கஞ்சி குடித்தேன் என்று எழுதியிருந்தேன். குடித்தது மூன்று தட்டு. அவள் ஊற்ற ஊற்றக் குடித்தேன். அந்தக் கஞ்சியை மூன்று தட்டு குடித்தேன் என்று எழுதினால் குழுவில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன் மாமா